இரண்டு செவ்வாய்க்கிழமைகள்

முப்பத்தொரு பேர் கொண்ட அந்தச் சபை கப்பலேறியபோது, அவர்களுடைய சாமான்களிலேயே லேசானது ஒரு துணிச்சுருள்தான். நான்கு விரல் அகலத்தில் வெள்ளைத் துணி. அது தையல்காரம்மாவின் பொறுப்பில் இருந்தது. தினமும் சூரியன் விழுந்ததும் அதில் ஒரு தையல் போடுவாள். ஆறு தையல் கறுப்பு நூலில், ஏழாவது சிவப்பு நூலில். சிவப்புத் தையல் விழுந்துவிட்டால் மறுநாள் சூரியன் விழும்வரை சபையில் யாரும் பேசக் கூடாது.

வாயைத் திறக்காமல் இருந்தால் மட்டும் போதாது. கையால் சைகை காட்டுவது, தலையை ஆட்டுவது, தாளில் எழுதி நீட்டுவது எல்லாமே அவர்கள் கணக்கில் பேச்சுதான். வாரத்தில் ஆறு நாள் மனிதன் கடவுளிடம் ஓயாமல் பேசுகிறான், ஒரு நாளாவது அவர் சொல்வதைக் கேட்கட்டும் என்பது அவர்கள் கொள்கை. பால்பல் விழாத பிள்ளைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. சின்னப் பிள்ளையின் வாயை மூடக் கடவுளாலும் முடியாது என்பது சபையைத் தொடங்கியவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவருக்கு ஒன்பது பிள்ளைகள்.

திங்கள், செவ்வாய் என்ற பேச்செல்லாம் அவர்களிடம் கிடையாது. முதல் நாள், இரண்டாம் நாள் என்று ஏழுவரை எண்ணுவதோடு சரி. கடிகாரம் நின்றுபோகும், காலண்டர் அச்சடிக்கிறவன் தூங்கிவழிவான், சூரியன் மட்டும் ஒழுங்காக விழும் என்பார்கள். தையல்காரம்மாவின் கையில் பத்தொன்பது வயதில் அந்த ஊசியைக் கொடுத்தார்கள். பதினோரு வருஷத்தில் ஒரு தையல்கூட அவள் விட்டதில்லை. பிரசவ வலியில் துடித்துக்கொண்டிருந்த மாலையில்கூட, மருத்துவச்சியைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு ஊசியைக் கேட்டு வாங்கியவள். அதில் அவளுக்குக் கர்வம் நிறையவே உண்டு. அடக்கமானவள் என்று சபையில் அவளுக்குப் பெயர் இருந்தது. கர்வத்தை வெளியே காட்டிக்கொள்ளாத சாமர்த்தியம், வேறொன்றுமில்லை.

சொந்த ஊரில் அவர்களால் இருக்க முடியாமல் போனது அந்த மௌனத்தால்தான். ஐம்பது அறுபது பேர் ஒரு கூடத்தில் கதவைச் சாத்திக்கொண்டு நாள் முழுக்க வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தால் எந்த அரசாங்கத்துக்குத்தான் சந்தேகம் வராது? கத்தியிருந்தால் பாட்டு என்று விட்டிருப்பார்கள். கூடத்துக்குச் சீல் வைத்தார்கள். சபையில் பாதிப் பேர் மூன்று வருஷத்துக்கு முன்பே கடல் கடந்து போய்விட்டார்கள். தையல்காரம்மாவின் புருஷனும் அவர்களோடு போனான். அவன் தச்சன், எங்கே போனாலும் மரம் இருக்கும் என்று கிளம்பிவிட்டான். மகளுக்கு அப்போது இரண்டு வயது.

அவனிடமிருந்து கடிதங்கள் வந்தன. கதவு, ஜன்னல் செய்கிற பட்டறையில் வேலை கிடைத்தது, மாடியில் ஓர் அறை பிடித்திருக்கிறேன், ஜன்னல் மேற்கே பார்த்தது, குளிருக்குக் கம்பளி கொண்டு வா என்றெல்லாம் எழுதுவான். கடைசிக் கடிதத்தில் முக்கியமான ஒரு விஷயம் இருந்தது. அந்தத் துறைமுகத்தில் ஒரு சட்டமாம். பெண்களை ஏமாற்றிக் கூட்டிவருகிறவர்கள் அதிகமாகிவிட்டதால், கப்பலில் வருகிற ஒவ்வொரு பெண்ணும் அதிகாரி முன்னால் நின்று, விருப்பப்பட்டுத்தான் வந்தேன் என்றும், அழைத்துப்போக வந்திருப்பவர் இன்னார் என்றும் தன் வாயாலேயே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அதே கப்பலில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். “பயப்படாதே. வாயைத் திறந்து இரண்டு வார்த்தை சொன்னால் போதும்” என்று எழுதியிருந்தான்.

வாயைத் திறப்பதா பெரிய காரியம் என்று அவள் அதைப் படித்துச் சிரித்துக்கொண்டாள். தையல் இயந்திரத்தை விற்றுத்தான் பயணச்சீட்டு வாங்கியிருந்தாள். திருப்பி அனுப்பினால் போய் நிற்க வீடும் இல்லை, மறுபடி கப்பலேற வழியும் இல்லை. மகளுக்கு அப்பா என்பது உறையில் வருகிற ஒரு சமாச்சாரம் என்ற அளவோடு நின்றுவிடும்.

கப்பல் பயணம் நாற்பத்து மூன்று நாள். அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எல்லோரும் வாந்தி எடுத்தார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள். ஏழாம் நாள்களில் சபை முழுவதற்கும் ஒரே வாய் தையல்காரம்மாவின் மகள்தான். ஐந்து வயது, பட்டப்பெயர் வாயாடி. சமையல்கட்டு வாசலில் போய் நின்று, “எங்க ஆளுங்களுக்கு முப்பது ரொட்டி, எனக்கு ரெண்டு” என்று வாங்கிக்கொண்டு வருவாள். அந்த ரெண்டுக்கு யார் கொடுத்த அனுமதி என்று மறுநாள்தான் விசாரிக்க முடியும். அதற்குள் ஜீரணமாகியிருக்கும்.

பயணத்தின் நடுவில் அது நடந்தது. மேல்தளத்தில் ஒரு கரும்பலகையில் கப்பல்காரர்கள் தினமும் கிழமையும் தேதியும் எழுதுவார்கள். ஒருநாள் செவ்வாய்க்கிழமை என்று எழுதினார்கள். மறுநாளும் செவ்வாய்க்கிழமை என்றே எழுதினார்கள். அழிக்க மறந்துவிட்டார்களோ என்று கேட்டதற்கு, மாலுமி ஒருவன் உட்கார்ந்து விளக்கினான். கடலின் நடுவே ஒரு கோடு இருக்கிறதாம், கிழக்கே போகிறவர்கள் அதைத் தாண்டினால் ஒரே கிழமையை இரண்டு முறை வைத்துக்கொள்ள வேண்டுமாம், இல்லையென்றால் அக்கரையில் இறங்கும்போது ஒருநாள் முந்திப் போயிருப்பார்களாம்.

சபையார் எட்டிப் பார்த்தார்கள். கோடு எதுவும் தெரியவில்லை.

சபைக்குத் தலைவராக வந்தவர் ஓய்வுபெற்ற பள்ளிக்கூடத் தலைமையாசிரியர். எல்லோரும் ஹெட்மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் கரும்பலகையின் முன்னால் நின்று பார்த்தார். கரும்பலகையில் தப்பாக எழுதியிருந்தால் அவருக்குக் கை பரபரக்கும்.

“சூரியன் எத்தனை தடவை விழுந்துச்சும்மா?” என்று தையல்காரம்மாவைக் கேட்டார்.

“ரெண்டு தடவைங்க ஐயா. நேத்து ஒண்ணு, இப்ப ஒண்ணு.”

“அப்ப ரெண்டு தையல் போடு. இவங்க பலகையில எதை வேணா எழுதிக்கட்டும்.”

அவளும் போட்டாள். அவர் சொல்லாவிட்டாலும் போட்டிருப்பாள். ஒரு நாளை இரட்டிப்பாக்கச் சொல்கிற மாலுமிக்காக ஒரு தையலை விட்டுக்கொடுக்க அவள் என்ன ஏமாந்தவளா? அந்த மாலைத் தையலைக் கொஞ்சம் அழுத்தியே போட்டாள்.

துறைமுகம் சேர்வதற்கு முந்தைய மாலை சிவப்புத் தையல் விழவேண்டிய முறை. சூரியன் விழக் கால்மணி நேரம் இருக்கும்போது ஹெட்மாஸ்டர் எல்லோரையும் கூட்டிவைத்துச் சொன்னார்:

“நாளைக்கு ஏழாம் நாள். அதிகாரி யாரு என்ன கேட்டாலும் ஒருத்தரும் வாயைத் திறக்கக் கூடாது. அங்க நம்மவங்க மூணு வருஷமா இருக்காங்க. அவங்களும் நாளைக்குப் பேச மாட்டாங்க. நம்ம வழக்கம் இதுன்னு அந்த ஊருக்கு இந்நேரம் பழகியிருக்கும். சாயங்காலம் வரைக்கும் பொறுத்துக்குவாங்க.”

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. தையல்காரம்மா சிவப்பு நூலைக் கோத்தாள்.

காலையில் கப்பல் கரையை ஒட்டி வந்தது. கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் வரவேற்க வந்தவர்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள். அதில் சபையின் சாம்பல் நிறச் சட்டைகள் பதினைந்து இருபது தெரிந்தன. அவள் கண்ணை இடுக்கித் தேடினாள். நெட்டையாக, தோள் கொஞ்சம் சாய்ந்து நிற்கிறவன், அவனேதான். மூன்று வருஷத்தில் கொஞ்சம் மெலிந்திருந்தான்.

அவன் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினான். “நூலு! ஏய் நூலு!” என்று கத்தினான். அவளுடைய ஒல்லி உடம்புக்கும் தொழிலுக்கும் சேர்த்து அவன் வைத்த செல்லப்பெயர் அது. பக்கத்தில் நின்ற சாம்பல் சட்டைகளும் கத்தின. ஒருவன் விசில்கூட அடித்தான்.

கப்பலில் முப்பது பேர் கல்லாய்ச் சமைந்து நின்றார்கள். ஏழாம் நாளில், பட்டப்பகலில், ஊர் பார்க்க இப்படிக் கூச்சல் போடுகிறார்களே! ஹெட்மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். அழைத்துப்போக வந்தவன் வழியை விட்டுவிட்டான், ஒரு கடிதத்தில்கூட அதைச் சொல்லாமல் கம்பளி கொண்டு வா, கம்பளி கொண்டு வா என்று எழுதியிருக்கிறான் என்று தையல்காரம்மா நினைத்தாள். ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும், அவன் முகத்திலேயே விழிக்கக் கூடாது போலவும் ஒரே சமயத்தில் இருந்தது.

விசாரணைக் கூடம் நீளமாக, வெள்ளையடித்து, மருந்து வாடையோடு இருந்தது. மேஜைக்குப் பின்னால் ஓர் அதிகாரி. அவர் பக்கத்தில் ஜலதோஷம் பிடித்த மொழிபெயர்ப்பாளர் ஒருவர். மேஜைமேல் இரண்டு முத்திரைகள், பச்சை மை ஒன்று, கறுப்பு மை ஒன்று. அதற்கு விளக்கம் யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

ஹெட்மாஸ்டரை முதலில் கூப்பிட்டார்கள். எதைக் கேட்டாலும் சுவரைப் பார்த்தபடி நின்றார். அடுத்தவரும் அப்படியே, அதற்கடுத்தவரும் அப்படியே. அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். எல்லோரும் செவிடர்களா என்று மொழிபெயர்ப்பாளரைக் கேட்டார். அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, தெரியவில்லை என்று உதட்டைப் பிதுக்கினார். அந்த ஊருக்கு வழக்கம் ஒன்றும் பழகியிருக்கவில்லை.

நான்காவதாகத் தையல்காரம்மா. மகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“விருப்பப்பட்டுத்தான் வந்தீங்களாம்மா? அழைச்சிட்டுப் போக வந்திருக்கிறது யாரு?” என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார்.

அவள் பேசவில்லை.

“நான் சொல்றேன்!” என்றாள் வாயாடி.

அதிகாரி முதல்முறையாகச் சிரித்தார். ஒரு வாயாவது திறந்ததே என்று அவருக்கு நிம்மதி. சொல்லட்டும் என்றார்.

“எங்க அம்மா துணி தைப்பாங்க. நாங்க அப்பாகிட்ட போறோம். அப்பா கதவு செய்வாரு.”

மொழிபெயர்ப்பாளர் ஜன்னலைக் காட்டினார். வேலிக்கு அந்தப் பக்கம் தச்சன் கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னும் கத்திக்கொண்டிருந்தான். “அதோ, நெட்டையா நிக்கிறாரே, அவர்தானே உங்க அப்பா? அப்படின்னு அவர் சொல்றாரு.”

வாயாடி எட்டிப் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். பிறகு அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை, அவளுக்குத் தெரிந்ததைத்தான் சொன்னாள்.

“அவரு இல்லை. அங்க கத்துறவங்க யாரும் எங்க ஆளுங்களே இல்லை. எங்க அப்பா இன்னிக்குப் பேச மாட்டாரு.”

மொழிபெயர்ப்பாளர் அதை அப்படியே சொன்னார். அதிகாரியின் சிரிப்பு போய்விட்டது. வேலியருகே புருஷன் என்று சொல்லிக்கொண்டு நிற்கிற ஒருவன், அவனைத் தெரியாது என்கிற குழந்தை, வாயே திறக்காத பெண். எந்தச் சட்டம் எதற்காகப் போட்டார்களோ அது கண்முன்னால் வந்து நின்றால் நல்ல அதிகாரி என்ன செய்வார்? கறுப்பு முத்திரையை எடுத்தார். காவலாளிகள் இருவரிடம் ஜன்னலைக் காட்டி ஏதோ சொன்னார். அவர்கள் வேலியை நோக்கிப் போனார்கள்.

முதுகுக்குப் பின்னால் இருபத்தொன்பது பேர் மூச்சு விடுவது தையல்காரம்மாவுக்குக் கேட்டது. இடுப்புப் பையில் துணிச்சுருள் இருந்தது. பதினோரு வருஷம் ஒரு தையல் பிசகாதவள். அவள் வாயைத் திறந்தால் அந்தப் பதினோரு வருஷமும் போச்சு. திறக்காவிட்டால் அவன் போச்சு. வழிதவறியவன், பொய்யன், கம்பளிக்காரன், ஆனாலும் அவனேதான்.

“அவர் என் புருஷன்” என்றாள்.

குரல் கரகரவென்று வந்தது. மகள் அண்ணாந்து அவளைப் பார்த்தாள். ஏழாம் நாளில் அம்மா பேசி அவள் கேட்டதே இல்லை.

“நான் விருப்பப்பட்டுத்தான் வந்தேன். குழந்தைக்கு அவரை ஞாபகம் இல்லை. நாங்க வாரத்துல ஒருநாள் பேச மாட்டோம். இன்னிக்கு அந்த நாள். இவங்க யாரும் செவிடு இல்லை, பிடிவாதமும் இல்லை. சூரியன் விழுந்தப்புறம் கேளுங்க, எல்லாரும் பதில் சொல்லுவாங்க.”

அவ்வளவுதான் பேசினாள். அதிகாரி யோசித்தார். கப்பல் மறுநாள்தான் திரும்புகிறது, சாயங்காலம் வரை பொறுப்பதில் நஷ்டமில்லை என்று முடிவு செய்தார். காவலாளிகளைத் திரும்பக் கூப்பிட்டார். அவளுக்கும் குழந்தைக்கும் பச்சை முத்திரை விழுந்தது. மற்றவர்கள் கூடத்திலேயே காத்திருக்க வேண்டும். அவள் திரும்பி நடந்தபோது ஹெட்மாஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் வாயைத் திறந்ததால்தான் அவர் வாய் பத்திரமாக மூடியிருக்க முடிந்தது. அது அவருக்குத் தெரியாமலில்லை. தெரிந்ததால்தான் முகத்தைத் திருப்பினார் என்றும் சொல்லலாம்.

வேலிக்கு வெளியே தச்சன் மகளைத் தூக்கப் போனான். அவள் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டாள். அவன் மனைவியைப் பார்த்து ஏதேதோ கேட்டான். பயணம் எப்படி, உடம்புக்கு என்ன, ஏன் இப்படி இளைத்துவிட்டாய்? தையல்காரம்மா பதில் சொல்லவில்லை. கட்டாயத்துக்காக உடைத்தது உடைத்ததுதான், மீதி நாளையும் உடைத்துவிட்டால் அது அவளே விரும்பி உடைத்ததாகிவிடும். வாயை இறுக்கி மூடிக்கொண்டு நடந்தாள்.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. தெருவிலேயே நின்றுவிட்டான்.

“அடக் கடவுளே. கோட்டைத் தாண்டின அந்த ரெண்டு நாளுக்கும் தையல் போட்டியா நூலு?”

அவள் அவனைப் பார்த்தாள்.

“இன்னிக்கு ஆறாம் நாள். நாளைக்குத்தான் ஏழு.” அவன் மூட்டையை இறக்கி வைத்தான். “நாங்களும் அப்படியேதான் வந்து இறங்கினோம். ஒரு வருஷம் பழைய கணக்குலயே இருந்தோம். பட்டறையில எல்லாரும் வேலை பார்க்கிற நாள்ல நாங்க வாயை மூடிக்கிட்டு நிப்போம். மரம் சரியுது தள்ளி நில்லுன்னு கத்த முடியாம ஒருத்தனுக்குக் கால் போயிடுச்சு. அப்புறம்தான் சபை கூடி, கோட்டைத் தாண்டின நாளைக் கழிச்சுட்டு இந்த ஊர்க் கணக்குக்கு வந்தோம். இங்க எல்லாருக்கும் நாளைக்குத்தான் லீவு. யாரும் வழியை விடலை. ஒரு தையலைப் பிரிச்சோம், அவ்வளவுதான்.”

ஒரு தையலைப் பிரித்தார்களாம், அவ்வளவுதானாம். அவளுக்கு வந்த ஆத்திரத்துக்கு அங்கேயே அவனை நாலு வார்த்தை கேட்டிருப்பாள். ஆனால் சூரியன் இன்னும் உச்சியை விட்டு அதிகம் இறங்கவில்லை. அவன் வழி முழுக்கப் பேசினான். அறைக்கு வந்தும் பேசினான். அலமாரி தானே செய்ததாம், கட்டில் தானே செய்ததாம், தையல் இயந்திரம் வைக்க ஜன்னலோரம் ஒரு மேஜை, அதுவும் தானே. மேஜையின் விளிம்பைத் தடவித் தடவி இழைத்திருந்தான், துணி மாட்டாதபடி. அவள் அதைக் கவனித்தாள். கவனித்ததைக் காட்டிக்கொள்ளவில்லை. வாயாடி கதவருகே மூட்டைமேல் உட்கார்ந்து, யார் இந்த ஓயாமல் பேசுகிற ஆள் என்பதுபோல் அவனை அளந்துகொண்டிருந்தாள்.

ஜன்னல் மேற்கே பார்த்தது என்று எழுதியது உண்மைதான். வீடுகளின் கூரைகளுக்குப் பின்னால் சூரியன் இறங்கிக்கொண்டே வந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவன் ஏதோ சொல்ல ஆரம்பித்தான், கடைசித் துளி வெளிச்சம் கூரைக்குப் பின்னால் போனது. பாதி வாக்கியத்தில் அவன் வாய் மூடிக்கொண்டது. அவனுக்கு ஏழாம் நாள் தொடங்கிவிட்டது.

அவளுக்கு முடிந்துவிட்டது.

“ஏன் எழுதலை?” என்றாள்.

அவன் நின்றான்.

“மூணு வருஷத்துல இருபத்தாறு லெட்டர். கம்பளி, ஜன்னல், குளிரு எல்லாம் எழுதத் தெரிஞ்சுது. இது ஒண்ணு எழுதத் தெரியலை. நான் அங்க அத்தனை பேர் முன்னாடி நின்னு வாயைத் திறந்தேன். தெரியுமா உங்களுக்கு? ஹெட்மாஸ்டர் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாரு. நாங்க உங்களைப் பத்தி என்ன நெனச்சோம் தெரியுமா? உங்க பொண்ணு உங்களை அப்பா இல்லைன்னுட்டா.”

அவன் கண் கலங்கியது. வாய் திறக்கவில்லை. கை எழவில்லை, தலை அசையவில்லை. முறையென்றால் முறை, பக்கத்தில் சபையார் யாரும் இல்லாத அறையிலும்.

“எழுதினா நான் வரமாட்டேன்னு நெனச்சீங்க. அதானே? தையலைப் பிரிச்சுட்டாங்கன்னு தெரிஞ்சா இவ அங்கேயே ஊசியைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துடுவான்னு நெனச்சீங்க.”



அவள் மேஜையருகே போய் அதன் விளிம்பில் கை வைத்தாள். சொரசொரப்பே இல்லை. குரல் தானாகத் தணிந்தது.

“வந்திருப்பேங்க. எழுதியிருந்தா சண்டை போட்டிருப்பேன். பத்து லெட்டர் திட்டியிருப்பேன். அப்புறம் வந்திருப்பேன்.”

அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிரயாணக் களைப்பும் ஆத்திரமும் அழுகையும் சேர்ந்துகொள்ள அவள் நிறுத்தாமல் பேசிக்கொண்டே போனாள். வாந்தியைப் பற்றி, விற்ற இயந்திரத்தைப் பற்றி, சீல் வைத்த கூடத்தைப் பற்றி. மூன்று வருஷத்தையும் ஒன்றுவிடாமல் கொட்டினாள். ஒருவேளை எந்தப் புருஷனும் எந்த மனைவி சொல்வதையும் அப்படிக் குறுக்கிடாமல் கேட்டிருக்க மாட்டான்.

வாயாடி மூட்டையிலிருந்து இறங்கினாள். தச்சனின் முன்னால் வந்து நின்று அண்ணாந்து பார்த்தாள். அவன் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. குனிந்து ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தால் மகள் வந்திருக்கக் கூடும் என்று அவனுக்குத் தெரிந்தேயிருக்கும். அவன் கூப்பிடவில்லை. அவள் நெடுநேரம் காத்துப் பார்த்தாள். பிறகு அவன் விரலைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

“அம்மா, இவரு பேசவே இல்லை” என்றாள். “இவருதான் நம்ம அப்பா.”